டிசம்பரில வந்து பாக்கிறம்

கொழும்பில் மழை ஊற்றுகிற மாதம் பார்த்துத்தான் எல்லோருக்கும் வீடு துப்புரவாக்கும் பைத்தியம் பிடிக்கும். நவராத்திரிக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள் என்று இன்னொருமுறை. ஒக்டோபரில் மட்டும் இங்கே சராசரியாக 350 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும். நவம்பரும் அதற்குச் சளைத்ததல்ல. காலையில் வெயில் பளீரென்று அடித்து ஆசை காட்டும். அதை நம்பித் திரைச்சீலையைத் தோய்த்து, தலையணைகளைப் பல்கனியில் அடுக்கினால், பகல் சாப்பாடு முடிகிற நேரம் வானம் கறுத்து, இடி இடித்து, எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். பிறகு அந்தத் திரைச்சீலை மின்விசிறிக்குக் கீழே கதிரை கதிரையாகக் கிடக்கும். மோந்து பார்த்தால் மக்கல் மணம். திரும்பத் தோய்!

இந்த லட்சணத்தில் கனடாவிலிருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். இலையுதிர்காலத்தில் வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், வெள்ளைச் சட்டையில், ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். அவர்களுக்கு அது சரி. குளிர் தொடங்கினால் மாதக்கணக்கில் யன்னலைத் திறக்க முடியாது, ஹீட்டரைப் போட்டால் குழாயில் இருக்கிற தூசியெல்லாம் அறைக்குள் வரும், ஆகவே முன்கூட்டியே துடைக்கிறார்கள். எங்களுக்கு ஏது இலையுதிர்காலம்? இங்கே இலை உதிர்ந்தால் அது போய்க் கானை அடைக்கும், பாதையில் முழங்காலளவுக்குத் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான்.

சரி, மழையைத் திட்டிப் பிரயோசனமில்லை. தூசியும் எனக்குப் பெரிய பிரச்சினையில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறவளுக்கு உப்புக் காற்றும் துருப்பிடித்த யன்னல் கம்பியும் பழகிப்போன சங்கதி. என் வயிறு எரிவதெல்லாம், நான் துடைத்துத் துடைத்து அடுக்குகிற சாமான்களில் பாதி என்னுடையதே இல்லை என்பதற்குத்தான்.

எங்கள் தொடர்மாடி வீடு குடும்பத்துக்கே களஞ்சியம். ஊரிலிருந்து வந்து, விசா வரும்வரை இங்கே தங்கி, பிறகு லண்டன், டொரன்டோ, பாரிஸ் என்று பறந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மூட்டையை வைத்துவிட்டுத்தான் பறந்தார்கள். மாமியின் இரும்பு அலுமாரி. பெரியம்மாவின் மகன் ஏ.எல். படித்த காலத்து நோட்ஸ், அதுவும் இரசாயனவியல் மட்டும் இரண்டு பெட்டி. அவர் இப்போது லண்டனில் கடை நடத்துகிறார். யாரோ சீதனமாகக் கொடுத்த, ஒருநாளும் அடுப்பில் ஏறாத பித்தளைக் குண்டான். வயர் அறுந்த ரைஸ் குக்கர். எல்லாவற்றையும் கீழே இறக்கி, துடைத்து, திரும்ப அதே இடத்தில் ஏற்றுவதற்குப் பெயர்தான் எங்கள் வீட்டில் துப்புரவு!

அந்தச் சூட்கேசைச் சொல்லாமல் விட முடியாது. கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தேன். சில்லு உருளவில்லை. இந்த ஈரக்காற்றில் ரப்பர் உருகிக் களியாகி, மாபிள் தரை முழுக்கக் கறுப்புக் கோடு. தேசிக்காய் போட்டும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. பூட்டின் இலக்கம் யாருக்கும் நினைவில்லை, ஸ்குரூ டிரைவரால் நெம்பித்தான் திறந்தேன். உள்ளே பூச்சி உருண்டை வைத்த கடதாசி மட்டும் இருக்கிறது, உருண்டை கரைந்து எந்தக் காலமோ. கலியாண அல்பத்தில் படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போய், மாப்பிள்ளையின் முகத்தில் பூஞ்சணம். கூறைச் சேலையின் சரிகை கறுத்து, மடித்த மடிப்பிலேயே வெடித்திருக்கிறது.

படம் எடுத்துச் சூட்கேசின் சொந்தக்காரருக்கு அனுப்பினேன். உடனே குரல்பதிவு வந்தது: "ஐயோ, அதை எறிஞ்சுபோடாதையுங்கோ. டிசம்பரில வந்து பாக்கிறம்."

எந்த டிசம்பர்? வருகிறவர்கள் யாழ்ப்பாணம் போவார்கள், நல்லூர் போவார்கள், நிலாவெளியில் குளிப்பார்கள், காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்க மட்டும் நேரம் கிடைக்காது. போகிற அன்றைக்குப் பாரம் கூடிவிட்டதென்று இன்னொரு பையை நீட்டி, "இதையும் ஒரு மூலையில வச்சிருங்கோ" என்பார்கள். அதற்கிடையில் மாமி அலுமாரிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வேலை கூடப் போல" என்பார்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, இவற்றில் நான் கை வைக்க மாட்டேன். 83 ஜூலைக் கலவரத்தில் இதே கொழும்பில் வீடு எரிந்து ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சாத சனம் எங்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ரைஸ் குக்கரை எந்தக் கந்தோரிலும் யாரும் கேட்கப் போவதில்லையே!

எறிவதென்றாலும் லேசா? பழைய மெத்தையைக் குப்பை லொறிக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை. 2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதைப் பார்த்த ஊர் இது. கண்ட இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவும் மனம் வராது. பல்கனியில் வைத்தால் குண்டானிலும் வாளியிலும் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு பார்க்க வருகிறவர்கள் என்னைத்தான் பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும். அதே 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. நுளம்புக்கு அது டொரன்டோக்காரரின் குண்டானா, என்னுடையதா என்று தெரியப்போகிறதா?

உண்மையில் துப்புரவாக்குவதென்றால் ஜனவரியில் செய்ய வேண்டும். அப்போது மழை மாதத்துக்கு 60 மில்லிமீட்டர் அளவில்தான், தோய்த்தது அன்றே காயும், பொங்கலும் வரும். அதனால் இந்த முறை தீபாவளிக்கு முன்னறையும் சாமியறையும் குசினியும் மட்டும்தான். இவர் "அப்ப மற்ற அறை?" என்று கேட்டார். தும்புத்தடியைக் கையில் கொடுத்தேன், அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

மூட்டைகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். டிசம்பரில் வருகிறவர்கள் படுக்கிற அறையில், அவரவர் கட்டிலின் தலைமாட்டில், அவரவர் சாமான் இருக்கும். திரும்பும்போது யாரும் எடுக்காததை ஜனவரி முதல் வாரத்தில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் இதை இன்று காலையே போட்டாயிற்று. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீலக்கோடு விழுந்திருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.