கலர் சரி, ஹப்பைப் பார்த்தீர்களா?

'பாகம் குறைவு, அதனால் பழுதும் குறைவு' என்று சொல்லி மலிவான ஃபிக்சி சைக்கிள்களைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் இதில் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தினால், அந்த விசை முழுக்கப் பின்பக்கச் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றத்தான் பார்க்கும். அதைத் தடுக்க ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) எதிர்த்திசை மரை வெட்டி, லாக்ரிங் என்ற பூட்டு வளையம் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். நண்பர் இணையத்தில் வாங்கிய வண்டியைக் கழற்றிப் பார்த்தோம். லாக்ரிங்கும் இல்லை, அதற்கான மரையும் இல்லை. பல்சக்கரத்தைப் பசை தடவித் திருகியிருந்தார்கள். ஆனால் செயினுக்கும் ரிம்முக்கும் ஒரே நிறம், பிரமாதமான மேட்சிங்!

முன் பிரேக்கும் இல்லாவிட்டால் இறக்கத்தில் என்ன செய்வது? சில வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிரேக் மாட்டத் துளைகூட இருக்காது. செயின் தளர்ந்தாலும் ஆபத்துதான். ஓட்டத்தில் கழன்று சிக்கினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். சைக்கிள் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற தரநிலை இருக்கிறது. வாங்கும் முன் வண்டி அதன்படி இருக்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் ஹப்பைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். பதிலுக்கு ஸ்டிக்கர் படம் வந்தால் வேறு கடை பாருங்கள்.