நாலாவது பிள்ளையைப் பெற்ற பாவம்

373க்கு 374. இரண்டு நாளாகக் கனவில்கூட இந்த எண்கள்தான் வருகின்றன.

சனிக்கிழமை பள்ளிகளுக்கான பனிச்சறுக்குப் போட்டி, அதாவது ஸ்கீ. அதில் கிளாசிக் பந்தயத்தில் (பனியில் வெட்டிய பள்ளத் தடத்திலேயே சறுக்கிப் போவது) எங்கள் பள்ளிப் பெண்கள் பிடித்த இடங்கள் 2, 3, 5. முதல் ஐந்தில் மூன்று பேர்! ஜெயித்த பள்ளியிலிருந்து அந்த ஐந்தில் ஒருத்திகூடக் கிடையாது. அவர்கள் வந்தது 6, 7, 8, 9. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி. கோப்பை அவர்களுக்கு. ஏனென்றால் அணிக்கு நான்கு பேர் கணக்கில் வர வேண்டும், முதல் இடத்துக்கு 100, அடுத்ததற்கு 99, அடுத்ததற்கு 98 என்று இறங்கிக்கொண்டே போகும், எங்கள் நாலாவது பெண் வந்தது 21வது. 80 பாயிண்ட். எனக்கு இருப்பது ஒரே மகள். அணிக்கு அவள்தான் நாலாவது.

இதில் இன்னொரு கூத்து. இதே பிள்ளைகள் செப்டம்பரில் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் பந்தயம் ஓடும்போது ஐந்து பேர் கணக்கு, முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 2, கூட்டினால் சின்ன எண் ஜெயிக்கும். பனி விழுந்து ஸ்கீ வந்ததும் நான்கு பேர், பெரிய எண். முதல் வருடம் எங்கள் எண் குறைவாக இருக்கிறதே என்று மினசோட்டா குளிரில் நான் ஒருத்தி மட்டும் துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் நின்ற பெற்றோர் நாகரிகமானவர்கள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, அந்த 21க்கு வருவோம். 20வதாக வந்தவளுக்கும் என் மகளுக்கும் வித்தியாசம் 0.4 விநாடி. அவளை முந்தியிருந்தால் 374, சமன். அந்தப் பெண்ணையாவது கண்ணில் பார்த்தாளா என்றால் அதுவும் இல்லை. பதினைந்து விநாடிக்கு ஒருத்தியாக அனுப்பி, அவரவர் எடுத்த நேரத்தை வைத்து இடம் போடுகிறார்கள். அந்தப் பெண் நான்கு நிமிடம் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். இவள் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அவள் போர்வைக்குள் ஹாட் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தாள். இல்லாத ஆளிடம் தோற்பது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசி ஏற்றம் என்றேனே, அங்கேதான் நடந்தது. நான் அங்கேதான் நின்று மாட்டு மணி ஆட்டிக்கொண்டிருந்தேன் (ஆமாம், இங்கே பந்தயத்துக்கு மாட்டு மணிதான் ஆட்டுவார்கள், மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம் வேறு). என் மகளுக்குப் பின்னால் வந்த ஒருத்தி 'ட்ராக்!' என்று கத்தினாள். வேகமாக வருபவர் கத்தினால் முன்னால் போகிறவர் பள்ளத் தடத்தை விட்டு விலகி வழிவிட வேண்டும், அது இந்த விளையாட்டின் மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். விலகினாள். அதோடு விட்டாளா? தலையைத் திருப்பி, சிரித்து, "சாரி!" என்றாள். யாரிடம்? அந்த ஜெயித்த பள்ளியின் 9வது பெண்ணிடம்!

ராத்திரி கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து 'சாரி' சொல்லிப் பார்த்தேன். 0.6 விநாடி. தலை திருப்பாமல் சொன்னால் 0.5. எப்படிச் சொன்னாலும் 0.4ஐ விட அதிகம். கணவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

ஆறுதல் சொல்ல வந்த ஒரு அப்பா ஜெஸ்ஸி டிக்கின்ஸ் கதையை ஆரம்பித்தார். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஜெஸ்ஸி டிக்கின்ஸ்தான். பக்கத்து ஆஃப்டன்காரர், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அவரும் கிக்கன் ரேண்டலும் ஸ்வீடனை 0.19 விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார்கள், கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கம், எல்லாம் எனக்கும் தெரியும் ஐயா. அந்தக் கடைசி நேரத்தில் டிக்கின்ஸ் திரும்பி யாரிடமாவது சாரி சொன்னாரா?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேவிட்டேன், "ஏண்டி, வழிவிட்டது சரி, சாரி எதுக்கு?"

"நீதானேம்மா சொல்லிக்கொடுத்தே. யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடு, மரியாதையாப் பேசுன்னு." அப்புறம் கொஞ்சம் கழித்து, "போன வருஷம் நான் 48வது, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் திட்ட முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம், 48லிருந்து 21 என்றால் ஒரு பீட்சா வாங்கலாம் என்று வாங்கியும் கொடுத்தேன்.

திரும்பி வந்து மறுநாள் கோவிலுக்குப் போகப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன் பாருங்கள். முந்தானை நெடுக மெழுகு. ஸ்கீயின் அடியில் வாக்ஸ் உருக்கித் தேய்க்க இந்த வீட்டில் என் இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறு எதுவுமே கிடைக்கவில்லையாம்! அதற்கும் "சாரிம்மா" என்றாள். நிதானமாக, முழுசாக, இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு.