‘வேறெங்கும் கிடைக்காது’ என்பது தவறு

அண்ணா, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விலைக்கு வந்திருக்கும் ‘கேன்’ (Can) என்ற ஜெர்மன் ராக் குழுவின் ‘லிமிடெட் எடிஷன்’ இசைத்தட்டைப் பற்றி, “முழுக்க வாத்திய இசை, 15,000 பிரதிகளோடு சரி, வேறெங்கும் கிடைக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். பிரதிக் கணக்கு சரிதான். 1974இல் அப்படித்தான் வெளியிட்டார்கள். மற்ற இரண்டும் தவறு. ‘மதர் அப்டஃப்’ என்ற உருப்படியில் குழுவின் பாடகர் மால்கம் மூனி ஒரு கதையே சொல்கிறார், ‘டோகோ ஈ’யில் அவருக்குப் பின் வந்த பாடகர் டாமோ சுசூகியின் குரல். பல நாட்டு நாட்டார் இசையைக் குறும்பாகப் போலிசெய்து எண்ணிட்ட துண்டுகளும் வாத்திய இசை மட்டுமேயான ‘கொமோரா’ என்ற உருப்படியும் இருப்பதால் வந்த மயக்கம் போலும். இந்தத் தொகுப்பு கூடுதல் உருப்படிகளுடன் 1976இலேயே ‘அன்லிமிடெட் எடிஷன்’ என்ற இரட்டை இசைத்தட்டாக வந்துவிட்டது (பெயரிலேயே கிண்டல்!). பிறகு குறுந்தட்டாகவும் வந்தது. பழைய பதிப்புக்கு ராண்டைக் கொட்டுவது சேகரிப்பவர் விருப்பம். கேட்பதற்கு மட்டும் என்றால் மறுபதிப்பை வாங்குங்கள்.