ஏச்சு முழுக்கத் திறந்த பிள்ளைக்குத்தான்

யாழ்ப்பாணத்தில் எந்த ஒபிஸிலும் கொம்பியூட்டருக்குள் வைரஸ் வந்தால், முதல் வேலையாக மெயிலைத் திறந்த பிள்ளையைப் பிடித்து ஏசுவார்கள். "ஆர் உன்னை உதைத் திறக்கச் சொன்னது?" போன கிழமை கஸ்தூரியார் வீதிப் பக்கத்து ஒபிஸ் ஒன்றிலும் இதே கூத்துத்தான். இன்வொய்ஸ் என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. இன்வொய்ஸ் திறப்பதற்குத்தானே ஐயா அவளுக்குச் சம்பளமே! திறக்காமல் விட்டிருந்தால் அதற்கும் ஏச்சு விழுந்திருக்கும்.

ஈஎக்ஸ்ஈ பைலை, அதாவது திறந்தவுடன் ஓடத் தொடங்குகிற புரோகிராமை, நேரே அனுப்பினால் மைக்ரோசொஃப்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக் மறித்துவிடும். அதனால் ஜிப்புக்குள் ஒளித்து அனுப்பியிருக்கிறார்கள். ஜிப்பைப் பிரித்தவளின் கண்ணுக்குத் தெரிந்தது பிடிஎஃப் என்று முடிகிற ஒரு பெயர். அதற்குப் பின்னால் இருந்த ஈஎக்ஸ்ஈயை விண்டோஸ் காட்டவே இல்லை. நாமாகப் போய் மாற்றாவிட்டால் அது அப்படித்தான் மறைக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஐ லவ் யூ வைரஸுக்கு வசதியாகப் போனதும் இந்த மறைப்புத்தான். டிஎக்ஸ்டி, அதாவது வெறும் எழுத்து பைல், என்று காட்டிய காதல் கடிதம் உண்மையில் கட்டளைகளை ஓட்டுகிற ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட். திறந்தவுடன் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. கால் நூற்றாண்டு போயும் அந்த மறைப்பை எடுக்க மைக்ரோசொஃப்டுக்கு மனம் வரவில்லை.

சரி, திறந்தது பிழை என்றே வைப்போம். 2023 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் அடைத்த அவுட்லுக் ஓட்டைக்கு எதையும் திறக்கவே தேவையில்லையே! நினைவூட்டல் மணியின் ஒலியைத் திருடனின் சேர்வரில் போய் எடு என்று மெயிலுக்குள் எழுதியிருக்கும். எடுக்கப் போன அவுட்லுக், பாஸ்வேர்டின் ஹாஷை, அதாவது அதன் உருமாற்றிய வடிவத்தை, அங்கே கொடுத்துவிட்டு வரும். முன்னோட்டத்தில்கூட ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு ஆரை ஏசுவது?

அப்டேட் வந்ததுதானே என்பீர்கள். எங்கே வந்தது? இங்கே பாதிக் கொம்பியூட்டர்களில் கிடப்பது காசு கட்டாத திருட்டு மைக்ரோசொஃப்ட் ஒபிஸ்; அவுட்லுக்கும் அதற்குள்தான். "அப்டேட் போட்டால் லைசன்ஸ் கேக்கும் அண்ணை" என்று, பூட்டித் தந்த பொடியனே அதை நிறுத்திவிட்டுப் போய்விடுவான். பெயர்ப்பலகைக்கு எல்ஈடி போடக் காசு இருக்கிற முதலாளிக்கு லைசன்ஸ் வாங்க மட்டும் காசு இல்லை. வருடக்கணக்கான மெயில் எல்லாம் ஒரேயொரு பிஎஸ்டி பைலுக்குள், அதற்கும் பிரதி கிடையாது.

இப்போது அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் கழிக்கப் போகிறார்களாம். வைரஸ் எடுக்கக் கூப்பிட்டது யாரை? அப்டேட்டை நிறுத்திய அதே பொடியனைத்தான். வந்தான், விண்டோஸை அழித்துப் போட்டான், பழையபடி திருட்டு ஒபிஸையே ஏற்றிவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.