சித்தப்பா அனுப்பிய இரண்டாவது செய்தி

காலை ஆறு மணிக்கு உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நடுவில் தாமரை, அதைச் சுற்றி எல்லா மதங்களின் சின்னங்கள், கீழே 'எல்லா மதங்களும் போதிப்பது அன்பு ஒன்றையே' என்ற வரி. அனுப்பியவர் எனக்குச் சித்தப்பா முறை. பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள், நானும்தான். ஏழே காலுக்கு அதே சித்தப்பாவிடமிருந்து இன்னொரு செய்தி. வேறு மதத்தாரின் வழிபாட்டைக் கேலி செய்து யாரோ எழுதி, யார் யாரோ அனுப்பி, கடைசியில் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் நாலைந்து பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

சித்தப்பாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்களில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர். அவரை அன்பில்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அன்று முழுவதும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறு கேள்வி. ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் அனுப்பிய இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அவருக்கு ஏன் தோன்றவே இல்லை?

அந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அன்பைப் போதிக்க மதம் எதற்கு? பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு பத்திரமான மூலை தேடி அலைகிறது. அதற்கு யார் மறை ஓதினார்கள்? தன் பிள்ளை, தன் வீடு, தன் ஆட்கள் என்று வந்துவிட்டால் அன்பு தானாகவே சுரக்கிறது.

வள்ளுவர் இதில் கறாராக இருந்திருக்கிறார். அன்புடைமையை இல்லறவியலில் 8ஆம் அதிகாரமாக வைத்தவர், அருளுடைமையைத் துறவறவியலுக்குத் தள்ளி 25ஆம் அதிகாரமாக வைத்தார். தொடர்பு பற்றாது எல்லா உயிர்கள் மேலும் இயல்பாகச் செல்லும் கருணையே அருள் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். உறவு இருக்கிற இடத்தில் பிறப்பது அன்பு. உறவே இல்லாத இடத்துக்கும் போவது அருள். நாம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிட்டு, எல்லா மதமும் ஒன்றுதான் என்று கைகழுவிவிடுகிறோம்.

இரண்டுக்கும் உள்ள உறவையும் அவரே சொல்கிறார்: 'அருளென்னும் அன்பீன் குழவி.' அன்பு பெற்ற குழந்தை அருள். இந்த வரியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. பிற்பாடு எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமிம்' என்ற சொல்லும் கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரபியிலும் அப்படியே. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்று நீங்கலாக மற்ற எல்லாவற்றின் தொடக்கத்திலும் வருகிற ரஹ்மான், ரஹீம் என்ற இறைப்பெயர்களுக்கும் கருவறைக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான்.

தாயை விட்டால் வேறு உவமையே யாருக்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பால் குடிக்கும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்கிறது பைபிளில் ஏசாயா நூலின் 49ஆம் அதிகாரம். 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்று மாணிக்கவாசகர் உருகுகிறார். நபிமொழி ஒன்றில் போர்க் கைதிகளுக்கு நடுவே ஒரு பெண் பரிதவித்துத் திரிகிறாள். ஒரு குழந்தையைக் கண்டதும் வாரி நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டுகிறாள். 'இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா?' என்று நபிகள் கேட்கிறார். மாட்டாள் என்கிறார்கள். 'இவள் தன் பிள்ளையிடம் காட்டுவதைவிட இறைவன் தன் அடியார்களிடம் அதிக இரக்கமுள்ளவன்' என்கிறார் அவர். கடவுளைப் பற்றிப் பேச்சே எடுக்காத பௌத்தத்தில், எல்லோரிடமும் அன்பு காட்டச் சொல்லும் 'மெத்த சுத்தம்' என்ற பாலி போதனையும் தாயிடம்தான் வந்து நிற்கிறது. தன் ஒரே மகனைத் தாய் உயிரைக் கொடுத்தும் காப்பது போன்ற எல்லையற்ற மனத்தை எல்லா உயிர்களிடமும் வளர்க்கச் சொல்கிறது.

சிக்கல் அந்த 'எல்லா உயிர்களிடமும்' என்பதில் இருக்கிறது. தாய் காப்பது தன் மகனை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு சண்டை வந்தால் அவள் யார் பக்கம் நிற்பாள் என்பது நமக்குத் தெரியாதா? 'அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை' என்ற குறளுக்கு, மறத்தை நீக்குவதற்கும் அன்பே துணை என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். பெரியவர், சொல்லட்டும். எனக்கென்னவோ அதை நேராகவே படிக்கத் தோன்றுகிறது. கலவரத்தில் கல்லெடுப்பவனுக்கும் வீட்டில் கொஞ்சுவதற்குப் பிள்ளை இருக்கும். தன்னவர்களுக்காக என்று சொல்லித்தான் அவனும் கல்லெடுக்கிறான்.

மதங்கள் உண்மையில் கை வைத்தது இந்த வேலியில்தான் என்று நினைக்கிறேன். உங்களிடையே தங்கும் அந்நியனை உங்களைப் போலவே நேசியுங்கள் என்று பைபிளின் லேவியராகமம் சொல்லும்போது கூடவே ஒரு காரணத்தையும் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தீர்கள்.

லூக்கா நற்செய்தியில் வரும் சமாரியர் கதை எல்லோருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர்கள் ஒருவனை அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். யூதக் குருவும், ஆலயப் பணி செய்யும் லேவியரும் விலகிப் போகிறார்கள். யூதர்கள் அண்டவிடாத சமாரியன் நின்று, காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டுகிறான். நான் கவனிக்காமல் விட்டிருந்தது கதையின் கடைசி. இயேசு, 'மூவரில் இவனுக்கு அயலானாக இருந்தது யார்?' என்று கேட்கிறார். 'என் அயலான் யார்?' என்று முதலில் கேட்டு வந்த சட்ட அறிஞர், 'அவனுக்கு இரக்கம் காட்டியவரே' என்கிறார். 'சமாரியன்' என்ற ஒரு சொல் போதும். அது அவர் வாயில் வரவில்லை. பதில் சரி, பெயரைச் சொல்லத்தான் நா எழவில்லை.

அந்தச் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். அன்பு பெற்ற குழந்தையைச் செல்வம் என்ற செவிலித்தாய் வளர்க்கிறாள் என்று அதே குறள் முடிகிறதே, அது நினைவுக்கு வந்தது. நம் வாட்ஸ்அப் தாமரைக்குக் காலணா செலவில்லை.

சீக்கிய மரபில் பாய் கன்னையா என்று ஒருவர். 1700களின் தொடக்கத்தில் ஆனந்தபூரில் நடந்த போரில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போனார். எதிரிகளுக்கும் கொடுத்தார். நாம் வெட்டிச் சாய்த்தவர்களை இவர் எழுப்பி உட்காரவைக்கிறார் என்று சொந்தப் படையினரே குரு கோவிந்த் சிங்கிடம் முறையிட்டார்கள். குரு கூப்பிட்டுக் கேட்டார். தாம் பார்த்த ஒவ்வொரு முகத்திலும் குருவின் முகமே தெரிந்தது என்றார் கன்னையா. குரு அவரிடம் மருந்தையும் கொடுத்து, இனி காயத்துக்கு இதையும் போடு என்று அனுப்பினார் என்பார்கள். முறையிட்டவர்கள் கெட்டவர்கள் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. தன் தம்பியைக் கொன்றவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சாதாரணமா?

இதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்றும் இல்லை. எல்லோரையும் வேறுபாடின்றி நேசிக்கச் சொன்ன சீன அறிஞர் மோசியை, அது தந்தையே இல்லை என்பதற்குச் சமம் என்று கன்பூசிய அறிஞர் மென்சியஸ் சாடினார். மதநூல்களிலேயே வேலியை உயர்த்திக் கட்டும் வரிகளும் உண்டு, மறைத்துப் பயனில்லை. ஆனால் சித்தப்பாவின் இரண்டாவது செய்திக்குப் பதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தன் சமயத்தின் மேலுள்ள பற்றினால் அதைப் புகழ்ந்து பிற சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்கிறது அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டு.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். ஊரே பார்க்க ஒரு பெரியவரை மடக்குவதில் என்ன அருள் இருக்கிறது? இரவு போனில் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, சமாரியர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று தெரிகிறது" என்றார். பிறகு, "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் வேண்டுமானால் கிளம்பி வரட்டுமா?" என்றார்.

விட்டுவிட்டது சித்தப்பா என்றேன். அந்தச் செய்தி இன்னும் குழுவில்தான் இருக்கிறது.