சின்ன அறைக்கு வெள்ளைதான் என்பது எப்போதும் சரியில்லை

அண்ணாச்சி, "சின்ன அறையா, வெள்ளை அடிங்க, பெரிசாத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் உள்ள அறைக்குச் சரி. இருட்டு அறையில் வெள்ளை சாம்பல் பூத்த மாதிரி மங்கித்தான் தெரியும். திருப்பி வீச வெளிச்சம் வேண்டுமே. பாளையங்கோட்டையில் எங்கள் நடு அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெள்ளை அடித்து, ஒரு வருஷம் அழுக்குச் சுவராகவே கிடந்தது. அப்புறம் இளஞ்சந்தன நிறம் அடித்ததும்தான் அறைக்கு உயிர் வந்தது. மேற்கு ஜன்னல் என்றால் சாயங்கால வெயிலில் இந்த நிறத்தில் உள்ள மஞ்சள் இன்னும் தூக்கலாகும். பெயிண்ட் கடையில் தரும் ஷேடு கார்டை (நிற மாதிரி அட்டை) மட்டும் நம்பாதீர்கள். சுவரிலேயே 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு காலை, மதியம், ராத்திரி டியூப்லைட்டில் பாருங்கள். சாரல் கால மேகமூட்டத்திலும் ஒரு தடவை பார்த்தால் இன்னும் நல்லது.