நவம்பர் 23 அல்ல, 30

கொஞ்ச காலம் தினமும் காலையில் 'வரலாற்றில் இன்று' போட்டுக்கொண்டிருந்தேன். படம் வந்த நாள், பாட்டு வந்த நாள், தொடர் ஆரம்பித்த நாள். சுலபமான வேலை, லைக்கும் நன்றாக விழும். ஒரு டிசம்பர் 28 அன்று, '1895இல் இதே நாளில் பாரிஸில் லூமியே சகோதரர்கள் சினிமா காட்டினார்கள், திரையில் ரயில் வருவதைப் பார்த்து மக்கள் அலறியடித்து ஓடினார்கள்' என்று எழுதிவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து, அன்று காட்டிய பத்துப் படங்களில் அந்த ரயில் படமே கிடையாதே என்றார். தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அது அடுத்த மாதம்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது. மக்கள் ஓடியதற்கும் உருப்படியான சான்று எதுவும் இல்லை. திருத்திப் போட்டேன். திருத்தியதற்கு மூன்று லைக்.

அப்புறம்தான் இந்தத் தேதிகள் மேலேயே சந்தேகம் வந்தது. அதே 1895இல், நவம்பர் 1 அன்றே, பெர்லினின் விண்டர்கார்டன் அரங்கில் ஸ்கிளடானோவ்ஸ்கி சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1894 ஏப்ரலில், நியூயார்க்கில் எடிசனின் பெட்டிக்குள் ஒவ்வொருவராகக் குனிந்து எட்டிப்பார்த்து அசையும் படம் ரசித்திருக்கிறார்கள். லூமியேக்களே மார்ச் மாதத்தில் அழைப்பின் பேரில் சிலருக்குக் காட்டிவிட்டார்கள். பிறகு ஏன் டிசம்பர் 28ஐச் சினிமாவின் பிறந்தநாள் என்கிறோம்? லூமியேக்களின் கருவி கைக்கு அடக்கமானது, அதே கருவியில் படமெடுக்கலாம், திரையிடவும் செய்யலாம், ஒன்றிரண்டு ஆண்டுகளில் உலகம் சுற்றிவந்துவிட்டது. பெர்லின்காரர்களின் கருவி அப்படிப் பரவவில்லை. ஜெயித்தவன் பிறந்தநாளைத்தான் ஊர் கொண்டாடும்.

மிக்கி மவுஸும் இதே கதைதான். பிறந்தநாள் 1928 நவம்பர் 18 என்று டிஸ்னி நிறுவனம் கொண்டாடுகிறது. அன்றுதான் 'ஸ்டீம்போட் வில்லி' ஒலியோடு திரைக்கு வந்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதத்திலேயே மிக்கி நடித்த ஓர் ஊமைப் படத்தைச் சோதனையாகத் திரையிட்டிருந்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. விலை போகாத நாளை யார் பிறந்தநாளாக வைத்துக்கொள்வார்கள், சொல்லுங்கள்.

என் வாதம் இதுதான். நாம் கொண்டாடுவது பெரும்பாலும் சரக்கு கடைக்கு வந்த நாள். அது ஜனங்களுக்குப் பிடித்துப்போன நாள் வேறு, சில சமயம் பத்து முப்பது வருடம் தள்ளி.

'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. 1969இல் பார்வையாளர் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதன் பெரும் ரசிகர் கூட்டம் உருவானது எழுபதுகளில், உள்ளூர் நிலையங்கள் மாலை நேரங்களில் மறுஒளிபரப்பு செய்தபோது. 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' 1939இல் வந்தபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1956 நவம்பர் 3 அன்று தொலைக்காட்சியில் காட்டினார்கள், பின்னர் வருடா வருடம் காட்ட ஆரம்பித்தார்கள், அப்போதுதான் அது வீட்டுக்கு வீடு எல்லோருக்கும் தெரிந்த படமானது.

எனக்கு மிகவும் பிடித்தது 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் கதை. 1946 டிசம்பர் 20 அன்று முதல் காட்சி. வசூல் சுமார். மறந்தும் போனார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையை 28 ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும், 1974இல் அதை யாரும் செய்யவில்லை. தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொண்டாட்டம், இலவசமாகக் கிடைத்த படத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ளினார்கள். இன்று அது கிறிஸ்துமஸ் படங்களின் ராஜா. ஓர் அலுவலகத்தில் யாரோ நிரப்பாமல் விட்ட ஒரு படிவத்துக்குத்தான் நியாயமாக ஆண்டு நிறைவு கொண்டாட வேண்டும். (தொண்ணூறுகளில், படத்தின் மூலக்கதை மீதான உரிமையைக் காட்டி நிறுவனம் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டது, அது தனிக்கதை.)

இன்னொரு பக்கம், பழைய பாட்டுகளுக்கு ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று வருகிறதே, அதெல்லாம் நம் மேல் உள்ள பாசத்தால் மட்டும் வருவதில்லை. ஐரோப்பாவில் 2011இல் ஒலிப்பதிவுகளின் உரிமையை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டினார்கள். ஆனால் பதிவுசெய்து 50 ஆண்டுகளுக்குள் வெளியிடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால் உரிமை போய்விடும். உடனே நிறுவனங்கள் அலமாரியைத் துழாவ ஆரம்பித்தன. 2012 இறுதியில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பழைய பதிவுகளை 'ஐம்பதாம் ஆண்டுத் தொகுப்பு' என்று சுமார் நூறு பிரதி மட்டும் போட்டார்கள். அதன் துணைத் தலைப்பே 'காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு'! அந்த நேர்மையை மட்டும் பாராட்டுகிறேன். அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் இசைக்குழுவின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகள் 59 இப்படியே வெளிவந்தன.

எல்லாத் தேதியும் பொய் என்று சொல்லவரவில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதை அமெரிக்காவில் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்று நடந்தது, அன்றே எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குத் தேதி போட்டுக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் 1981 ஆகஸ்ட் 1 நள்ளிரவில் எம்டிவி என்ற பாட்டுச் சேனல் தொடங்கியதையும் இதே தோரணையில் எழுதுகிறோம், ஏதோ உலகமே விழித்திருந்து பார்த்ததுபோல. அன்று அது போய்ச்சேர்ந்தது சில கேபிள் இணைப்புகளுக்கு மட்டும். நியூயார்க் நகரத்திலிருந்த அதன் ஊழியர்களே அதைப் பார்க்க ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போக வேண்டியிருந்தது.

தலைப்புக்கு வருகிறேன். 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பகுதி பிபிசியில் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை வந்தது. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கூடவே பல இடங்களில் மின்வெட்டு வேறு. யாருக்கு அந்த மனநிலையில் காலப்பயணக் கதை வேண்டும்? பிபிசி ஒரு காரியம் செய்தது. அடுத்த வாரம் நவம்பர் 30 அன்று முதல் பகுதியைத் திரும்பவும் போட்டுவிட்டு, உடனே இரண்டாம் பகுதியைப் போட்டது. டிசம்பரில் டாலெக்குகள் என்ற எந்திரம்போன்ற வில்லன்கள் கதைக்குள் வந்தார்கள், தொடர் பிழைத்துக்கொண்டது.

ஆகவே இந்த வருடம் என் பதிவு நவம்பர் 30க்குத்தான். 'ஒரு வாரம் லேட்டு' என்று கமெண்ட் போடப்போகிறவர்கள் இப்போதே போட்டுவிடலாம்.